மேட்டில் நிற்காத ஹேண்ட் பிரேக்: கேபிளை முறுக்கும் முன்

ஜூன் 10, கேள்வி

குன்னூரில் வீடு, வாசல் முழுக்கச் சரிவு. ஒன்பது வருஷப் பழைய ஹேட்ச்பேக், பெட்ரோல், பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று பிப்ரவரியில் கேபிளை மாற்றினேன். மழை தொடங்கியதும் மறுபடி அதே கதை. வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருந்தால் நிற்கிறது. பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் மெல்ல நழுவுகிறது. மெக்கானிக் லீவருக்கு அடியில் இருக்கும் நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார். இரண்டு நாள் நின்றது, அப்புறம் இல்லை. கேபிள் டூப்ளிகேட்டா அண்ணே? பேசாமல் பின்னால் டிஸ்க் போட்டுவிடலாமா?

ஜூன் 10, இரவு

தம்பி, கேபிளை இனி முறுக்க வேண்டாம். முறுக்கியதைத் தளர்த்தினால்கூட நல்லது.

டிரம் வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி ஷூ எதுவும் கிடையாது. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், ஷூ அதன் உள்சுவரில் போய் அழுத்தும் வளைந்த துண்டு. கால் பிரேக் தள்ளும் அதே இரண்டு ஷூவைத்தான் கேபிளும் தள்ளுகிறது. பின்பக்க ஷூவில் ஒரு சின்ன லீவர் மாட்டியிருக்கும். அதற்கும் முன்பக்க ஷூவுக்கும் நடுவே ஒரு இரும்புப் பட்டை. கேபிள் இழுத்தால் லீவர் அந்தப் பட்டையைத் தள்ளும், முன் ஷூ டிரம்மில் போய் முட்டும், முட்டிய எதிர்விசையில் பின் ஷூவும் ஒட்டும். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். அது தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியை எடுக்க வேண்டியது அட்ஜஸ்டரின் வேலை. அது துருப்பிடித்து நின்றுவிட்டால் மேலே நம் கையில் இருக்கும் லீவர் நாளுக்கு நாள் உயரமாக வரும். உடனே கேபிள் நீண்டுவிட்டது என்று தீர்ப்பு. நல்ல கேபிள் அவ்வளவு சுலபத்தில் நீளாது.

கேபிளை முறுக்குவதில் இன்னொரு வம்பு உண்டு. அளவுக்கு மீறி முறுக்கினால் டிரம்முக்குள் இருக்கும் அந்தச் சின்ன லீவர் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். நிறைய வண்டிகளில் லீவர் முழுதாகத் திரும்பினால்தான் அட்ஜஸ்டர் அடுத்த பல்லுக்கு நகரும். ஆக, முறுக்க முறுக்க அட்ஜஸ்டர் செத்துக்கொண்டே போகும். இரண்டு நாள் நின்று மூன்றாம் நாள் நழுவுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நாளைக்கு ஒரு சின்ன வேலை. சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் கால் பிரேக்கை அழுத்தி, பெடல் எவ்வளவு கீழே போகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். இந்த முறை பெடல் உயரத்திலேயே நின்றால் ஷூ டிரம்மிலிருந்து தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் கோளாறு டிரம்முக்குள்.

ஜூன் 11, காலை

ஒன்று விட்டுப்போனது. நழுவுவது சக்கரமா, டயரா? நழுவும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின் டயர் இரண்டிலும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கட்டும், முன் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு ஜாண் தள்ளிக் கட்டையும் இருக்கட்டும். வண்டி நகர்ந்து கோடும் சுற்றியிருந்தால் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நகர்ந்து கோடு அங்கேயே இருந்தால் பிரேக் பிடித்துவிட்டது, டயர்தான் சறுக்குகிறது. பாசி பிடித்த கான்கிரீட், மேலே தைலமரச் சருகு, அதற்கு மேலே மழை. நீலகிரியில் பாதி வாசல் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை, பிளீச்சிங் பவுடரும் தென்னந் துடைப்பமும் போதும்.

ஜூன் 11, மாலை

மேட்டைப் பார்த்தால் நிற்கிறது, பள்ளத்தைப் பார்த்தால் நழுவுகிறது என்பதை இங்கே பதில் எழுதிய பலர் எடைக் கணக்கில் விளக்கியிருக்கிறார்கள். கணக்கு சரிதான், எண்ணோடு போட்டுப் பார்ப்போம்.

20 சதவீதச் சரிவில் 1000 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 196 கிலோ. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். முன்சக்கர இழுவை வண்டியில் ஆள் இல்லாதபோது முன்னால் 600, பின்னால் 400 என்று எடை இருப்பதாக வையுங்கள். முகம் பள்ளத்தைப் பார்க்கும்போது சுமார் 45 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். மேட்டைப் பார்த்தால் அதே அளவு பின்னால் வந்து சேரும். பின் டயருக்கு ஒரு நிலையில் சுமார் 350, இன்னொன்றில் சுமார் 440. ஈரத்தரையில் இந்த வித்தியாசம் போதும், ஒரு பக்கம் நிற்கும், ஒரு பக்கம் சறுக்கும்.

ஆனால் இது டயர் சறுக்குவதற்கான கணக்கு. சாக்பீஸ் கோடு சுற்றினால் இது செல்லாது. ஆகவே கோட்டின் பதில் வரும்வரை எனக்குக் கருத்து இல்லை.

20 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. கார்களுக்கான ஐ.நா. பிரேக் விதி 13-எச், பாரம் ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில் ஏற்றம், இறக்கம் இரண்டு பக்கமும் ஹேண்ட் பிரேக்கில் நிற்க வேண்டும் என்கிறது. கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 40 கிலோ. அமெரிக்க விதியிலும் அதே 20 சதவீதம், ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் தொங்கி இழுத்தால்தான் நிற்கிறது என்றால் அதற்குப் பெயர் நிற்பது இல்லை.

நம் ஊர்ப் பல்சக்கர ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறும் மிகச் செங்குத்தான இடமே சுமார் 8 சதவீதம்தான். குன்னூர் வீட்டு வாசல்கள் அதைத் தூக்கிச் சாப்பிடும். ரயிலுக்காவது நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறான்.

ஜூன் 12

கேட்டவர் சொல்லிவிட்டார். கோடு சுற்றியிருக்கிறது, இடது வலது இரண்டு பக்கமும். பெடலும் இரண்டு கிளிக்குக்குப் பிறகு உயரத்தில் நிற்கிறதாம். ஆக டயர் குற்றவாளி இல்லை. எடைக் கணக்கைத் தூர வைக்கலாம்.

கூடவே, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே வந்துவிட்டது, பேட் தேய்ந்தால் இறங்கும்தானே என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். இறங்கும், உண்மை. முன் டிஸ்க் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆனால் மெதுவாகத்தான் இறங்கும். எப்போது கடைசியாக ஊற்றினீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு இறங்கியது? இந்த வரியை நான் மறக்கப்போவதில்லை.

ஜூன் 12, இரவு

பின்னால் டிஸ்க் போடலாமா என்ற கேள்விக்கு இதற்குள் "போடுங்க சார்" என்று நாலு பேர். ஹேண்ட் பிரேக்குக்காகப் போடுவதாக இருந்தால் வேண்டாம்.

டிரம்மில் ஒரு வசதி உண்டு. சுற்றும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கை கொடுக்கும் விசையை டிரம்மே பெருக்கித் தருகிறது. டிஸ்க்கில் அது கிடையாது, கை எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவுதான். இதனால்தான் பின்னால் டிஸ்க் உள்ள எத்தனையோ வண்டிகளில் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று ஒரு குட்டி டிரம்மை ஒளித்து வைக்கிறார்கள். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பரே ஹேண்ட் பிரேக்காகவும் இருக்கும் வண்டிகளில் இன்னொரு தொல்லை. மலையிறங்கி வந்து சூடான டிஸ்க்கோடு நிறுத்தினால், ஆற ஆற டிஸ்க் சுருங்கும், பிடி தளரும். நிறுத்தும்போது நின்ற வண்டி நாம் டீ குடித்து முடிப்பதற்குள் நகரலாம். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிகளில் சில, கொஞ்ச நேரம் கழித்துத் தானே இன்னொரு முறை இறுக்கிக்கொள்வது இதற்காகத்தான். பூட்டிவிட்டு நடக்கும்போது பின்னாலிருந்து "விர்ர்" என்று சத்தம் வந்தால் பேய் இல்லை.

ஜூன் 13

இரண்டு டயரிலும் கோடு சுற்றுகிறது, ஆனால் ஒரு திசையில் மட்டும். இதை யோசித்துக்கொண்டே படுத்தேன்.

நம் வண்டிகளில் வரும் டிரம்மில் மேலே, கால் பிரேக் அழுத்தத்தில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர், கீழே ஷூ இரண்டும் ஊன்றும் இடம். வண்டி முன்னால் போகும்போது டிரம்மின் மேல்பகுதி முன்னோக்கிச் சுற்றும். அப்போது முன்பக்க ஷூவைத்தான் டிரம் தன்னோடு இழுத்து இறுக்கும், பின்பக்க ஷூவைத் தள்ளிவிடப் பார்க்கும். பின்னால் உருளும்போது தலைகீழ், பின்பக்க ஷூ இறுகும், முன் ஷூ தளரும். பள்ளத்தைப் பார்த்து நிற்கும் வண்டி முன்னால் உருளப் பார்க்கிறது, அங்கே பாரத்தைச் சுமப்பது முன் ஷூ. மேட்டைப் பார்த்தால் பின் ஷூ.

கேட்டவர் வண்டி பள்ளத்தைப் பார்க்கும்போதுதான் நழுவுகிறது. முன் ஷூக்களைப் பாருங்கள் என்று வண்டியே சொல்கிறது. ஒன்று, லைனிங் மிக அதிகமாகத் தேய்ந்திருக்க வேண்டும். முன் ஷூ முதலில் தேய்வது இயல்பு, நாம் ஓட்டுவது பெரும்பாலும் முன்னோக்கித்தானே. இல்லையென்றால் சூட்டில் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஏதாவது எண்ணெய் பட்டிருக்கும். நேற்றைய ஆயில் டப்பா வரி இங்கே வந்து உட்காருகிறது.

டிரம்மைத் திறக்காமல் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஜூன் 13, கொஞ்சம் கழித்து

மழை ஈரம்தான் காரணம் என்று ஒருவர். ராத்திரி ஈரத்தில் டிரம்முக்குள் மெல்லிய துரு படரும், காலையில் பிரேக் வழுக்காது, கடித்துப் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மழைக்காலத்தில் பல நாள் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வண்டி நகரவே மறுக்கும். அதுவும் கோளாறுதான், எதிர்த்திசைக் கோளாறு.

ஜூன் 14

லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் வந்து, "உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம், எங்களுக்குக் காத்து போனா பிரேக் தானா பிடிக்கும்" என்று பெருமை பேசிவிட்டுப் போயிருக்கிறார். பேசட்டும், நியாயம் உண்டு. ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஒரு முரட்டு ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பதால்தான் வண்டி நகர்கிறது. காற்றை வெளியேற்றினால் "புஸ்" சத்தத்தோடு ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். நம் காரில் கை இழுத்தால்தான் பிடி, அங்கே எதுவும் இல்லாவிட்டால்தான் பிடி.

பெருமை பேசியவரிடம் ஒரு கேள்வி. அவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் கொண்டை ஊசி வளைவில் கிளீனர் ஏன் கல்லோடு குதித்து ஓடுகிறார்? ஓடட்டும், அது நல்ல பழக்கம். ஆனால் வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவு, பனிமூட்டத்தில் இருசக்கர வண்டிக்காரனுக்கு அந்தக் கல் எங்கே தெரியும்? கல்லைக் கயிற்றில் கட்டி வண்டியோடு வைத்துக்கொள்ளும் டிரைவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் சலாம்.

ஜூன் 14, இரவு

லாரியிலிருந்து பேச்சு ஜீப்புக்குப் போய்விட்டது, எனக்கும் பிடித்த விஷயம். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்பிலும் பழைய லேண்ட் ரோவரிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கும். பிடி பலமானது, ஏனென்றால் அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஷாஃப்ட்டின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் உதவிக்கு நிற்கிறது. பிரேக் போட்டதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிற்கும், பல்லுக்கு நடுவே இருக்கும் தளர்ச்சி அது. புதிதாக ஏறுபவர்கள் பயந்துவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது அதற்கு இல்லை. மேட்டில் பஞ்சர் ஆகி, ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் போச்சு. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். டிஃபரன்ஷியல் அதற்கு வழி விட்டுவிடும். எஸ்டேட் ரோட்டில் ஒரு ஜீப் இப்படி ஜாக்கியை மிதித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தேயிலைச் செடி தாங்கிவிட்டது. எஸ்டேட் ஆட்கள் கட்டை இல்லாமல் ஜாக்கி போடுவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 16

டிரம்மைத் திறக்க ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்கும் என்கிறார். தானே செய்யப் போகிறாராம், பக்கத்தில் ஒரு மெக்கானிக் நிற்பாராம். நல்லது.

வாசலில் செய்ய வேண்டாம். சமதரைக்குப் போங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் இறக்குங்கள், ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக விட்டு, லீவருக்கு அடியில் இருக்கும் நட்டைக் கேபிள் தொளதொளவென்று ஆகும்வரை தளர்த்துங்கள். டிரம் வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். நிறைய டிரம்களில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும், அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். அதற்கும் அசையவில்லை என்றால் உள்ளே விளிம்பு கட்டியிருக்கிறது, பின்தகட்டுத் துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும்.

கறுப்புத் தூள் கொட்டும். காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் அப்படியே இருக்கட்டும். எந்த ஸ்பிரிங் எங்கே என்ற சண்டை வரும்போது அதைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

அட்ஜஸ்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்ற வேண்டும். சின்ன லீவரைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், தானே திரும்ப வேண்டும். அப்புறம் வீல் சிலிண்டரின் இரண்டு பக்க ரப்பர் மூடியையும் லேசாக விரித்து உள்ளே பாருங்கள். காய்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 16, மதியம்

ஒருவர் தனிச்செய்தியில், தன் வண்டியில் லீவர் மூன்று கிளிக்கிலேயே கல் போல நின்றுவிடுகிறது, ஆனாலும் மேட்டில் வண்டி நிற்கவில்லை, இது எந்தக் கணக்கு என்கிறார். இது வேறு. லீவர் உயரமாக, தளர்வாக வந்தால் இடைவெளி. கொஞ்சத்திலேயே இறுகி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கும், அல்லது டிரம்முக்குள் சின்ன லீவரின் முளை இறுகியிருக்கும். உங்கள் கை இழுக்கும் பலமெல்லாம் உறையோடு தீர்ந்துபோகிறது, ஷூவுக்குப் போய்ச் சேரவில்லை. என் வண்டியில் இடப்பக்கம் இப்படி ஆனது. உறையின் ரப்பர் கிழிந்து சேறும் தண்ணீரும் போயிருந்தது. உள்ளே கிரீஸ் விட்டு ஆட்டிப் பார்த்தேன், ஒரு மழைக்காலம் ஓடியது, அப்புறம் கேபிளை மாற்றித்தான் தீர்ந்தது. கேபிளைக் குற்றம் சொல்லலாம், தகுந்த இடத்தில்.

ஜூன் 18

படம் வந்துவிட்டது. வலது டிரம்மில் முன் ஷூவின் மேல் பாதி நனைந்து கறுத்திருக்கிறது. சிலிண்டரின் முன்பக்க ரப்பர் மூடிக்குள் ஆயில் நிற்கிறது. உள்ளே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது. இடது டிரம்மில் ஈரம் இல்லை, ஆனால் அட்ஜஸ்டர் முழுதாகத் துருப்பிடித்து நின்றிருக்கிறது. முன் லைனிங் ரிவெட் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். இரண்டு பக்கமும் வேறு வேறு நோய், காட்டியது ஒரே அறிகுறி.

ஹேண்ட் பிரேக் பேச்சு இத்தோடு இரண்டாம்பட்சம். வீல் சிலிண்டர் கசிவது கால் பிரேக்கின் கோளாறு. அதை மாற்றாமல் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். ஆயில் அளவு இறங்கியதற்குப் பேட் தேய்மானம் மட்டும் காரணம் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

ஜூன் 18, இரவு

நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்று மெக்கானிக் சொல்கிறாராம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வாரம் பத்து நாள் ஓடும். லைனிங் உள்ளே குடித்த ஆயில் சூடானதும் மறுபடி மேலே வரும். ஷூ செட்டாகத்தான் வரும், இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் மழையில் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சிலிண்டரும் ஜோடியாக மாற்றுவதே என் வழக்கம், ஒன்று போனால் அதே வயசு இன்னொன்றும் போகும். ஆயில் புதிதாக ஊற்றி, குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும் (ஏர் எடுப்பது), அது தனி வேலை, தெரிந்தவர் செய்யட்டும்.

டிரம்மின் உள்பக்க விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மீறக் கூடாத அளவு டிரம்மிலேயே வார்த்திருக்கும். லேத்தில் கடைந்து அந்த அளவைத் தாண்டினால் டிரம்மும் புதிதுதான்.

ஜூன் 19

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ வண்டி தற்செயலாக நகராதபடி விட்டுப் போக வேண்டும். அந்த "வேறு ஏற்பாடு" மலையில் கியரும் கட்டையும்தான்.

ஜூன் 21

கியர் பற்றிக் கேட்கிறார்கள். முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரஷன் மெல்லக் கசியும், அதனால் கியரை மட்டும் நம்பிய வண்டி கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு நகரும். டீசல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். கியர் துணைக்கு, தனியாக இல்லை.

ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்பதில் சண்டை. இரண்டு தரப்பும் வேறு வேறு ரோட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நடைபாதை விளிம்புக் கல் உள்ள டவுன் ரோட்டில், இடது ஓரம் நிறுத்தும்போது, மேட்டைப் பார்த்தால் வலது பக்கம் ஒடிக்க வேண்டும், முன் டயரின் பின்பகுதி விளிம்புக் கல்லில் போய்ச் சாயும். பள்ளத்தைப் பார்த்தால் இடது பக்கம். மலைப்பாதையில் விளிம்புக் கல் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அங்கே மேடோ பள்ளமோ, பாறை இருக்கும் பக்கமே ஒடியுங்கள். முன்னால் உருண்டாலும் பின்னால் உருண்டாலும் வண்டி பாறையில்தான் போய் முட்டும். பம்பர் போகும், வண்டி போகாது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவிருந்தால் சக்கரத்தை ஒடித்து நிறுத்துவது கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். அந்தச் சட்டம் இங்கே வந்தால் ஊட்டிச் சந்தைக்கடை ஓரம் ஒரு நாள் வசூலிலேயே ரோடு போட்டுவிடலாம்.

ஜூன் 29

ஷூ, சிலிண்டர், இடது அட்ஜஸ்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மேட்டிலும் பள்ளத்திலும் நிற்கிறதாம். கேபிள் அதே பிப்ரவரிக் கேபிள்தான்.

அட்ஜஸ்ட் செய்த வரிசையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், சரியாகச் செய்திருக்கிறார்கள். கேபிள் தளர்ந்தபடியே இருக்க, முதலில் அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாத அளவுக்குத் திருப்பி, லேசாக உரசும் வரை பின்வாங்கியிருக்கிறார்கள். கால் பிரேக்கைப் பலமுறை அழுத்தி ஷூவை நடுவுக்குக் கொண்டுவந்து, கடைசியில்தான் கேபிள் நட்டு. லீவர் முழுதாகக் கீழே இருக்கும்போது இரண்டு சக்கரமும் கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், அதையும் பார்த்திருக்கிறார்கள். எத்தனை கிளிக் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும், ஐந்து முதல் எட்டுக்குள் என்பது பல வண்டிகளில் பார்க்கும் அளவு. இரண்டு கிளிக்கில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், ஷூ உரசிக்கொண்டே ஓடும்.

புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆகும். கொஞ்சம் ஓடிய பிறகு லீவர் ஒன்றிரண்டு கிளிக் கூடும். அப்போதும் டிரம்மிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சமதரையில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறது, இது போதாதா என்றும் கேட்டிருக்கிறார். முன்திசைக்கு மட்டும் அந்தச் சோதனை பேசும். ரிவர்ஸிலும் ஒரு முறை செய்யுங்கள், கிளட்சைச் சட்டென்று விடாமல்.

ஜூலை 2

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு. காலில் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலுக்கு வாருங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், காலை மெல்ல எடுத்து வண்டியின் பாரம் ஷூவில் உட்காரட்டும், பிறகுதான் பி, அதாவது பார்க்கிங் நிலை. நேராக பி போட்டுக் காலை எடுத்தால் முழுப் பாரமும் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும். கிளம்பும்போது "டக்" என்று சத்தத்தோடு லீவர் பிடுங்கிக்கொண்டு வருவது அதனால்தான். மேனுவல் கியர்பாக்ஸையே இயந்திரம் தானாக மாற்றும் ஏஎம்டி வண்டிகளில் பெரும்பாலும் பி கிடையாது. அவற்றில் கியரில் விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும், நியூட்ரலில் விட்டுச் சாவியை எடுத்தால் உங்களுக்கு ஹேண்ட் பிரேக் ஒன்று மட்டும்தான் துணை.